அப்பாவின் சிரிப்புக்கு எந்த லென்ஸ்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெனுஷன் நடத்துகிற படக்கடையில் காலை முதல் சாயந்தரம் வரை ஓயாமல் கேட்கும் வசனம் ஒன்றுதான். "சிரிக்காதீங்க. பல்லு தெரிஞ்சா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க." அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் எடுத்துப் பிழைக்கிறவன் வேறு என்ன சொல்வான்? சுற்றுவட்டாரத்துத் தோட்டத்து ஜனங்களை ஒருவர் விடாமல் உம்மென்று இருக்க வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்டவனிடம் போய் அவனுடைய தங்கச்சி ஷெரோமி, அப்பா சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடு என்று கேட்டாள்.

கேட்டது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடைய காம்பராவுக்குள் உட்கார்ந்து ஜெனுஷன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, நீ எனக்கு நகை நட்டு ஒன்னும் வாங்கித் தர வேணாம். அப்பா நல்லா சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ. அது போதும்."

"நகையே வாங்கித் தந்துர்றேன் புள்ள. அதுதான் லேசு."

"வெளையாடாத. நான் வவுனியாவுக்குப் போயிருவேன். அங்க இருந்து அப்பாவ பாக்கணும்போல இருந்தா எதப் பாக்குறது? நம்ம வீட்டுல இருக்குற போட்டோ எல்லாத்துலயும் அவரு ஐடென்டி கார்டுதானே?"

அவள் சொன்னது உண்மைதான். அப்பா மத்தியாஸ் ஒன்றும் சிடுமூஞ்சி அல்ல. சிரிப்பார், ஆனால் அபூர்வமாகத்தான். முதலில் சத்தம் வராது. கண் இரண்டும் மூடிக்கொள்ளும், ஒரு கை முழங்காலைத் தேடும், தோள் குலுங்கும். பிறகுதான் சத்தம் வரும். வந்தால் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவர்கள்கூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கேமராவைக் கண்டால் ஆளே மாறிவிடுவார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே வயதைக் கழித்தவர் அவர். அவர் முன்னால் கேமரா வந்ததெல்லாம் ஏதோ ஒரு ஆபீஸுக்குப் படம் தேவைப்பட்டபோதுதான். அதனால் கேமரா என்றாலே அவருக்குப் பெரட்டு. விடிந்ததும் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் துரைக்கு முன்னால் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றுவார், சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார், கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்வார், நாடியைத் தூக்குவார், மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவருடைய கல்யாணப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறார். பக்கத்தில் அம்மா தெரேசா பட்டுச்சேலையும் தலையில் நெட்டு முக்காடுமாகப் பூரித்துப்போய் நிற்க, இவர் மட்டும் ஏதோ விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு வந்தவர்போல் நிற்கிறார்.

ஜெனுஷனிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்தது. ஐடென்டி கார்டு படத்துக்கு அப்படியொரு கேமரா தேவையே இல்லை. கொழும்பில் யாரோ விற்றார்கள் என்று ஆசைப்பட்டு வாங்கியது. அதோடு வந்த லென்ஸுக்குள் மலைநாட்டு ஈரம் புகுந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதில் எடுத்தால் எல்லோர் முகத்திலும் தேமல் படர்ந்த மாதிரி விழும். கல்யாணத்துக்குள் வேறு லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும். அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது, ஏனென்றால் கொழும்பில் ஒரு கேமராக் கடைக்காரரிடம் இரண்டு இருந்தன.

இரண்டும் ஸூம் லென்ஸ்தான். ஒன்று 24-70. குட்டையானது. சின்ன அறைக்குள் நின்றாலும் முழுக் கூட்டத்தையும் அடக்கிவிடும், ஆனால் முகத்தை மட்டும் பிடிக்க வேண்டுமானால் ஆளின் மூக்குக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மற்றது 70-200. முழங்கை நீளம். எங்கோ தூரத்தில் நின்றபடியே ஒருவருடைய முகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும். கடைக்காரரிடம் போன் போட்டு எது நல்லது என்று கேட்டான். "மல்லி, தெகம ஹொந்தய்," என்றார் அவர் சிங்களத்தில். தம்பி, இரண்டுமே நல்லது என்று சொல்கிற கடைக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

யூடியூபில் விழுந்தான். தமிழ், இந்தி, இங்கிலீஷ் என்று பாஷை வித்தியாசம் பார்க்காமல் பார்த்தான். கடைக்கு வந்தவர்களை வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஒரு காதில் ஹெட்போனோடு விமர்சனம் கேட்டான். ஒரு அம்மாவுக்கு நாடி வெட்டுப்பட்ட படத்தைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். படுக்கையில் புரண்டு ஒரு பக்கம் படுத்தால் 24-70 சரி என்று தோன்றியது, மறுபக்கம் படுத்தால் 70-200. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி அவரிடமும் கேட்டுப் பார்த்தான். அவர் காணாமல் போன சாமான்களைக் கண்டுபிடித்துத் தருகிறவர். எதை வாங்குவது என்பதெல்லாம் அவருடைய இலாகா இல்லைபோலும், பதிலே வரவில்லை.

பக்கத்துக் கடையில் போன் திருத்துகிற லோஜன் மட்டும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னான். "மச்சான், சின்னத வாங்கு. ஒங்க காம்பராவுக்குள்ள பின்னால போறதுக்கு எடம் ஏது? ரெண்டு எட்டு வச்சா செவரு."

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காதுடா. தூரத்துல நின்னு எடுத்தா அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. தெரியாட்டி பெரட்டுக்கு நிக்க மாட்டாரு. அவரு பாட்டுக்கு யார்கூடயாவது பேசிச் சிரிப்பாரு, நான் பாட்டுக்கு எடுத்துருவேன்."

காரணம் நல்ல காரணம்தான். அதை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. கிரிக்கெட் மட்ச்சில் எல்லைக்கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் கையில் இருப்பதுபோல் நீளமாக ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வவுனியாச் சம்பந்திமார் முன்னால் நடந்து போக வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. அதை அவன் லோஜனிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு விமர்சகர் மட்டும் 70-200இல் ஒரு குறை சொன்னார். ஆள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் அந்த லென்ஸுக்குக் கண் தெரியாதாம். ஒன்றரை மீட்டருக்குள் யார் நின்றாலும் படம் கலங்கிப்போகுமாம். அப்பா என்ன என் மடியிலா வந்து உட்காரப்போகிறார் என்று நினைத்து அந்த இடத்தை ஓட்டிவிட்டான் ஜெனுஷன். அவன் பார்த்த விமர்சகர்களில் ஒருவர் சென்னைக் கடற்கரையில் நின்றார், இன்னொருவர் ராஜஸ்தானில் புலி எடுத்தார். எல்லோர் தலைக்கு மேலும் பளீரென்று வெயில். அக்கரப்பத்தனையில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் முன்னால் போகிறவனின் பையைப் பிடித்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்து வளர்ந்த ஒருவனுக்கு இந்த வெயிலைப் பார்த்தாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 70-200ஐ வாங்கினான்.

முதல் ஒத்திகையிலேயே கதை கந்தலாகிவிட்டது.

அன்று வானம் துப்புரவாக இருந்தது. லயத்துக்கு எதிர்மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து ஜெனுஷன் லென்ஸை நீட்டினான். கீழே மலையூற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியடியில் அப்பா யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். லென்ஸ் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கண்ணுக்கு முன்னால் வைத்தது. மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. ஒரு கண்ணோரம் சுருங்கியது. வருகிறது, வருகிறது என்று ஜெனுஷன் மூச்சை அடக்கினான். அப்போது அப்பா தலையைத் தூக்கினார். நேராக லென்ஸுக்குள் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மேல் பொத்தானைப் போட்டார். பீலிக்கரையில் விறைத்து நின்றார்.

சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே கேட்டார். "ஏன்டா அவ்வளவு தூரத்துல நின்னு எடுத்த? நாடி சரியா விழுந்துச்சா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "இந்த மலையில கவ்வாத்து வெட்டிக்கிட்டே அந்த மலையில வர்ற தொரை ஜீப்ப சொல்ற கண்ணுடா அது. அவருக்கு ஒளிச்சு நீ எடுக்கப் போறியாக்கும்?"

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கடைக்காரர் இப்போது போனே எடுக்கவில்லை. ஜெனுஷன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். கல்யாணத்தன்று அப்பாவுக்குக் கேமராவைத் தேட நேரம் இருக்காது. ஷெரோமியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவளைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் அந்த நடையில் ஒரு தடவையாவது சிரிக்க மாட்டாரா? தூரத்தில் தயாராக நின்றால் போதும்.

ஆனால் கல்யாண நாள் நெருங்க நெருங்க அப்பாவின் முகம் கேமரா இல்லாமலே பெரட்டு முகமாகிக்கொண்டு வந்தது. பேச்சுக் குறைந்தது. தட்டில் சோறு மிஞ்சியது. "அன்னிக்கு அழுதுறாதீங்க, புள்ள தாங்க மாட்டா," என்று அம்மா சொன்னதற்கு, "நான் எதுக்கு அழுவுறேன்," என்றவர், எழுந்து வெளியே போய் வெகுநேரம் ஏற்கெனவே அடுக்கியிருந்த விறகை எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். ஷெரோமி அண்ணனைப் பார்த்தாள். இந்த மனிதர் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், படம்கூட அப்புறம் என்று ஜெனுஷன் நினைத்தான். பிறகு, இல்லை, படமும் வேண்டும் என்று திருத்திக்கொண்டான்.

கல்யாணம் ஜூலை மாதம். மாப்பிள்ளை ஜீவராஜுக்கு அப்போதுதான் லீவு. ஜூலையில் அக்கரப்பத்தனையில் வானம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். அவர்களோடு சேர்த்து இன்னொரு ஆளும் தெரியாதவன்போல் நடந்துகொண்டான்.

காலையில் காம்பராவுக்குள் ஷெரோமியை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனுஷன் லென்ஸைத் தூக்கினான். படத்தில் அவளுடைய இடது காது மட்டும் விழுந்தது. கொஞ்சம் பின்னால் போனான், சுவர் இடித்தது. லோஜன் வாசற்படியில் நின்று மேலே கூரைத் தகரத்தைப் பார்த்தான். ஜெனுஷன் வாசலைத் தாண்டி முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தான். இப்போது இரண்டு காதும் விழுந்தன. இஸ்தோப்பிலிருந்து படி இறங்கினான், முகம் முழுசாக வந்தது. முற்றத்தின் நடுவுக்குப் போனான், இடுப்பு வரை வந்தது.

"டேய் ஜெனுஷா, நீ என்ன ஹட்டன் டவுன்ல நின்னா எடுக்கப் போற?" என்று சத்தம் போட்டாள் சித்தி ஜீவராணி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையும் இரவல் கோட்டுமாக, இஸ்தோப்புத் தூணோடு தூணாக நின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வவுனியாவிலிருந்து ஒரு படக்காரரைக் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அவர் காம்பராவுக்குள் புகுந்து டப் டப் என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் கேமராவில் இருந்தது 24-70. ஜெனுஷன் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

புறப்படும் நேரம் வந்தது. தப்புக்காரர்கள் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சி அடிக்கத் தொடங்கினார்கள். அப்பா ஷெரோமியின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தான் ஜெனுஷன். இருவரும் ஒரு படத்துக்குள் வர வேண்டும் என்று கண்ணை வியூஃபைண்டரில் ஒட்டிவைத்தபடி பின்னால் நடந்தான். இன்னும் கொஞ்சம் பின்னால். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் மேலேறி வந்து முற்றத்தில் உட்கார்ந்தது. வியூஃபைண்டருக்குள் எல்லாம் வெள்ளை. அப்பாவும் இல்லை, தங்கச்சியும் இல்லை, தப்புச் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் போனால் மனிதர்கள் தெரிந்தார்கள், ஆனால் லென்ஸுக்குள் அடங்கவில்லை. பின்னால் போனால் அடங்கினார்கள், ஆனால் தெரியவில்லை. ஜெனுஷன் முன்னும் பின்னுமாக, தப்புத் தாளத்துக்கு ஆடுகிறவன்போல் கொஞ்ச நேரம் அல்லாடினான்.

பிறகு லயத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் மல்லாந்து விழுந்தான்.

நேற்றைய மழைக்குக் கானில் முழங்கால் அளவு சேறு. விழுகிறவன் கையை ஊன்றுவான். இவன் ஊன்றவில்லை. முதுகு, கோட்டு, காற்சட்டை எல்லாம் சேற்றுக்குள் போக, இரண்டு கைகளும் மட்டும் லென்ஸை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தன. பூசையில் சாமியார் கிண்ணத்தை உயர்த்துவதுபோல் இருந்ததாகப் பிறகு சித்தி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தப்பு நின்றது. "ஐயோ, புள்ள!" என்று அப்பா ஓடி வந்தார். பின்னாலேயே ஷெரோமி, சேலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா கான் விளிம்பில் நின்று குனிந்தார். மகனைப் பார்த்தார். மகனுக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை என்பதைப் பார்த்தார். மேலே தூக்கிய கைகளையும், அதில் ஒரு சொட்டுச் சேறு படாமல் மினுங்குகிற லென்ஸையும் பார்த்தார்.

அவருடைய ஒரு கை முழங்காலைத் தேடியது.

ஜெனுஷனுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. இது அதுதான். நாள் கணக்காக இறுகிக் கிடந்த முகம் உடைகிறது. அப்பா இன்னும் குனிந்து, அவனைத் தூக்குவதற்கு ஒரு கையை நீட்டினார். அந்தக் கையை அவன் பிடிக்கவில்லை. கிடந்த கிடையில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். இடது கண்ணை இறுக்க மூடினான். வலது கண்ணுக்கு முன்னால் மண்ணிறத்தில் ஏதோ கலங்கலாக ஆடியது. அப்பா ஒன்றரை மீட்டருக்குள் இருந்தார். லென்ஸ் வர்ர் என்று முன்னால் போனது, வர்ர் என்று பின்னால் வந்தது, மறுபடியும் போனது. தொண்டை வெடிக்கிற மாதிரி அந்தச் சத்தம் அவன் தலைக்கு மேல் எழுந்தது. லயமே அதோடு சேர்ந்து சிரித்தது. "தெளிஞ்சு தொலையேன்," என்று லென்ஸைக் கெஞ்சினான். கடைசியில் தெளிவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அமுக்கினான்.

டப்.

கண்ணை எடுத்துப் பார்த்தபோது, அப்பா நிமிர்ந்து, கோட்டின் பொத்தானைப் போட்டு, நாடியைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. லோஜனின் காற்சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, கணுக்கால் தெரிய, ஜெனுஷன் தங்கச்சியின் கல்யாணப் பூசைக்குப் போனான். சாப்பாடு முடிந்து வேன் புறப்படும் நேரத்தில் ஷெரோமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"கேமராவக் குடுண்ணே, பாப்போம்."

கொடுத்தான். வெள்ளை, வெள்ளை, ஒரு காது, வெள்ளை. தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள். திரை முழுக்க மண்ணிறமாக ஒரு கலங்கல், அதற்குள் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று. வேறு ஒன்றும் இல்லை.

"அத அழிச்சிரு புள்ள. லென்ஸ் மாத்தி வாங்கிட்டேன், தப்பு என்னோடதுதான்."

"அழிக்கிறதா? எனக்கு இதுதான் வேணும். அப்பா சிரிக்கிறாரு."

"இதுல என்ன தெரியுது ஒனக்கு?"

"நான்தான் பக்கத்துலயே நின்னேனே. கண்ண மூடுனதுலருந்து சத்தம் வர்ற வரைக்கும் முழுசாப் பாத்தேன். இந்தப் போட்டோவப் பாத்தா எனக்கு அவ்வளவும் வரும்." அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "இவ்வளவு நாளும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. கடைசியில எப்புடிச் சிரிச்சாரு பாத்தியா?"

லயத்து ஜனம் பார்த்தது. தப்புக்காரர்கள் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் சம்பந்திமாரும் பார்த்தார்கள். எல்லோரையும்விடக் கிட்டே கிடந்தவன் ஜெனுஷன். அவன் பார்த்தது இந்தக் கலங்கலைத்தான்.

"நான் பாக்கல புள்ள," என்றான்.

ஷெரோமி முதலில் சிரித்தாள். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் புறப்படும்வரை விடவில்லை. பனிமூட்டத்துக்குள் அதன் சிவப்பு விளக்கு மறைகிறவரை அப்பா ரோட்டோரத்தில் கைகளை உடம்போடு ஒட்டி, நாடியைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவர் முன்னால் கேமரா எதுவும் இல்லை. ஜெனுஷன் கிட்டே போய் அவர் பக்கத்தில் நின்றான்.

அதற்குப் பிறகு ஒரு சாயந்தரம், கேமராவைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவன், அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற நேரமாகப் பார்த்து அதே கானுக்குள் வேண்டுமென்றே விழுந்தான். இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு விழுந்தான். "பாத்து நடடா," என்றார் அப்பா. அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்னொரு தடவை விழுந்தான். இந்தத் தடவை இரண்டு கைகளையும் மேலே தூக்கியும் பார்த்தான்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"தெரேசா, இங்க வா. இவனுக்குக் கண்ணு தெரியலபோல இருக்கு. ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டணும்."